ஒளிரும் படகுகளும் அண்டை வீட்டாரும்

அல்லாஹ்வை அஞ்சி வாழுமாறு முதலில் எனக்கும் பிறகு உங்களுக்கும் உபதேசித்து இந்த ஜும்ஆ உரையைத் தொடங்குகிறேன்.

அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் நியூபோர்ட் பீச் என்றொரு கடற்கரை நகரம். அங்கே ஒவ்வொரு டிசம்பரிலும், கிறிஸ்துமஸுக்கு முந்தைய சில இரவுகளில், மின்விளக்குகளால் அலங்கரிக்கப்பட்ட படகுகள் துறைமுகத்தைச் சுற்றி அணிவகுத்துச் செல்கின்றன. பக்கத்து வீட்டுக்காரர் அன்போடு அழைக்கிறார், பிள்ளைகளும் ஆசைப்படுகிறார்கள். அங்கு வாழும் ஒரு முஸ்லிம் என்ன செய்வது?

சிலர் ஒரு காரணம் சொல்வார்கள். 1908-ல் ஜூலை 4 அன்று, ஜான் ஸ்கார்ப்பா என்ற படகோட்டி விளக்குகள் தொங்கவிட்ட சில படகுகளோடு தொடங்கியதுதான் இது. கிறிஸ்துமஸ் பிறகு வந்து சேர்ந்தது. ஆகவே வெறும் வேடிக்கைதான் என்பார்கள். தொடக்கம் எதுவானாலும், இன்று அது கிறிஸ்துமஸ் அணிவகுப்பு. நம் ஆசைக்கு வரலாற்றை வக்கீலாக்கக் கூடாது. பிற மதத்தாரின் பண்டிகைகளில் பங்கேற்கக் கூடாது என்பதே பெரும்பாலான உலமாக்களின் கருத்து, பேணுதலும் அதுவே.

இதுவரை எளிது. கடினமானது இனிமேல்தான். "அத்தா, நாம ஏன் போகல?" என்று பிள்ளை கேட்கும். "அவங்க கெட்டவங்க" என்று சொல்லி வாயடைத்தால், பண்டிகையிலிருந்து பிள்ளையைக் காப்பாற்றிவிட்டு, பெருமை என்னும் நோயை அதன் உள்ளத்தில் நாமே விதைத்தவர்களாவோம். போகாமல் இருப்பதில் பெரிய சோதனை இல்லை. வெறுப்பில்லாமல் போகாமல் இருப்பதே சோதனை.

நம்மோடு போரிடாத, நம்மை வீடுகளிலிருந்து விரட்டாத மக்களுக்கு நன்மை செய்வதை அல்லாஹ் தடுக்கவில்லை என்பது அல்மும்தஹினா அத்தியாயத்தின் 8-வது வசனம் தரும் கருத்து. அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரலி) அவர்களின் வீட்டில் ஆடு அறுக்கப்பட்டபோது, யூத அண்டை வீட்டாருக்கு அனுப்பினீர்களா என்றுதான் அவர்கள் விசாரித்தார்கள். மார்க்கம் வேறு என்பதால் அண்டை வீட்டாரின் உரிமை குறையவில்லை.

ஆகவே அழைத்தவரிடம் பொய்ச் சாக்கு சொல்லாதீர்கள். நன்றி கூறி, உண்மையைக் கனிவோடு சொல்லுங்கள். பெருநாளன்று உணவோடு அவர் வீட்டுக் கதவைத் தட்டுங்கள். போய் வந்த சகோதரரைப் பள்ளிவாசலில் வைத்துப் பழிக்காதீர்கள். வேறொரு நாள் பிள்ளைகளை அதே துறைமுகத்திற்கு அழைத்துச் செல்லுங்கள். கப்பல்கள் கடலில் செல்வதைத் தன் அத்தாட்சி என்று குர்ஆனில் பல இடங்களில் அல்லாஹ் கூறுகிறான். விளக்கில்லாத படகைக் காட்டியும் அதைச் சொல்லிக்கொடுக்கலாம்.

ஈமானையும் நற்குணத்தையும் ஒருசேரப் பேணும் பாக்கியத்தை அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.