நந்தன் எந்த ஆட்டத்தை ஆடுவது?

தில்லையில் இருப்பவர் ஆடுகிற சாமி. அவரைப் பார்க்கத் துடித்தவரும் ஆடத்தான் செய்தார், ஆனால் கோயில் வாசலுக்கு வெளியே. பெரியபுராணத்தில் சேக்கிழார் சொல்லும் திருநாளைப்போவார், அதாவது நந்தன், கோயில் பேரிகைகளுக்குத் தோலும் வாரும் கொடுத்தவர்; வீணைக்கும் யாழுக்கும் நரம்பு கொடுத்தவர். கொடுத்த பொருள் உள்ளே போகும். கொடுத்தவர் சாதி காரணமாகப் புறத்தே நின்று, அன்பு பொறுக்காமல் ஆடுவார், பாடுவார்.

வலையபட்டி போன்ற செட்டிநாட்டு ஊர்களுக்கு இது எங்கோ நடந்த கதையல்ல. தில்லைத் திருப்பணிக்கு நகரத்தார் அள்ளிக் கொடுத்தார்கள். கானாடுகாத்தான் அண்ணாமலை செட்டியார் சிதம்பரத்தில் 1929இல் பல்கலைக்கழகம் கண்டார். அதே ஊரில் சுவாமி சகஜானந்தர் 1916லேயே நந்தனார் பெயரில் பள்ளி தொடங்கியிருந்தார். தேவகோட்டைப் பக்கம் கண்டதேவியில் தேர்வடம் தொட யாருக்கு உரிமை என்ற வழக்கு உயர்நீதிமன்றம் வரை போயிற்று. பல வருடம் நின்றுபோன தேர் 2024 ஜூனில்தான் ஓடியது. ஸ்பெஷல் நாடகத்தை விடிய விடியப் பார்க்கும் இந்தச் சீமையில் நந்தனை மேடையேற்றினால், அவர் எந்த ஆட்டத்தை ஆடுவது என்ற கேள்வியைத் தட்டிக்கழிக்க முடியாது.

கோபாலகிருஷ்ண பாரதியின் நந்தனார் சரித்திரம் 1861 வாக்கில் அச்சேறியது. சேக்கிழாரிடம் இல்லாத வேதியர் என்ற பண்ணையாரை அவர்தான் கொண்டுவந்தார். கொடுமைக்கு முகம் வேண்டும் என்று உணர்ந்த கலைஞனின் துணிச்சல் அது. பிறகு படம் வந்தது. 1935இல் நந்தனாராகவே கே. பி. சுந்தராம்பாள் நடித்தார். பரதநாட்டிய மேடையிலும் ‘வருகலாமோ’ நிலைத்துவிட்டது. முதுகு வளையும், கை வாயைப் பொத்தும், கால் பின்வாங்கும். சபையில் கண்ணீர். கோயிலுக்குள் போவதற்காகத் தீயில் மூழ்கி எழும் கட்டத்தில் அதே உடல் நிமிர்ந்து, பிசகாத அரைமண்டியில் ஜதிக்கு ஆடும்.

தப்பு இங்கேதான் நுழைகிறது. புராணத்தில் தீ அவருக்குப் பூணூல் போட்டது. மேடையில் அந்த வேலையை அடவு செய்துவிடுகிறது. உள்ளே போக வேண்டுமானால் நந்தன்தான் மாற வேண்டும், வாசல் மாற வேண்டியதில்லை. இந்திரா பார்த்தசாரதி ‘நந்தன் கதை’யில் (1978) அற்புதத்தைச் சதியாகவே காட்டினார். மனசாட்சியுள்ள மாற்றம்.

அப்படியானால் நந்தன் சமூகத்தார் மட்டுமே நந்தனை ஆடலாமா? அது இன்னொரு மதில். பரதமே ஒரு சமூகத்துப் பெண்களிடமிருந்து வந்து பிறர் கைக்கு மாறிய கலைதான். அதைப் பயில்கிறவர்கள் பிறப்புக் கணக்குப் பேசினால் அபத்தம். யார் உடல் என்பதைவிட, அந்த உடல் யாரிடம் போய்க் கற்றது என்பதே பெரிது. இனப்பிரிவினையை வைத்து 2002இல் பிராட்வேயில் வந்த ‘ஹேர்ஸ்ப்ரே’ என்ற அமெரிக்க இசைநாடகம் இதில் ஓரளவு நேர்மையானது. வெள்ளைக்காரப் பெண் கறுப்பின மாணவனிடம் அடி கற்கிறாள். ஆனால் முடிவில் எல்லாரும் சேர்ந்து ஆடுவது மேடையில்தான். அதற்கு மூலமான பால்டிமோர் தொலைக்காட்சி ஆட்ட நிகழ்ச்சி, இரு இனத்தாரையும் சேர்த்து ஆடவிட மனமில்லாமல் 1964 ஜனவரியில் மூடப்பட்டது.

நம்மூரில் பறை இருக்கிறது. அதுவும் தீயைக் கண்டதுதான்: ஆட்டத்துக்கு முன் வைக்கோலைக் கொளுத்தித் தோலைக் காய்ச்சுவார்கள், விரலால் தட்டி, ஒலி ஏறிவிட்டதா என்று காது கொடுத்துப் பார்ப்பார்கள். அலங்காநல்லூர் வேலு ஆசானுக்கு 2025இல் பத்மஸ்ரீ கிடைத்தது. அதற்காக, சாவுக்கு அடிக்க வைத்த கருவியைத் தொடவே மாட்டேன் என்கிற இளைஞனை, கதைக்குப் பொருத்தமாக இருக்குமென்று மேடைக்கு இழுப்பதும் பழைய ஏவல்தான். விரும்பி வருகிற ஆசானை அழைக்கலாம். திரைக்குப் பின்னால் உட்கார வைக்காமல், நட்டுவனார் பக்கத்தில், அவருக்குள்ள அதே சம்பளத்தில். நடனமணி அவரிடம் மாதக்கணக்கில் அடி பழகட்டும். தாளம் போடுகிறவர் பறையைத் தொடர்ந்து வரட்டும்.

தீக்குளிப்புக் காட்சியில் உடையும் மாறாமல், அடியும் மாறாமல், அதே பறைக்கு நந்தன் உள்ளே நடந்தால் முன்வரிசையில் சிலர் முகம் சுளிக்கலாம். சுளிக்கட்டும், டிக்கெட் வாங்கியிருக்கிறார்கள்.