ஒருநாள் முன்னறிவிப்பு

சிங்கப்பூரின் வேலை நியமனச் சட்டத்தில் ஒரு சின்ன விதி உண்டு. ஒப்பந்தத்தில் வேறு ஏற்பாடு எழுதப்படாத இடத்தில், 26 வாரத்துக்கும் குறைவாக வேலை பார்த்தவர் ஒரே ஒரு நாள் முன்னறிவிப்புக் கொடுத்துவிட்டு விலகிக்கொள்ளலாம். முதலாளியும் அதே ஒரு நாள் அவகாசத்தில் அவரை அனுப்பிவிடலாம். ஐந்து ஆண்டும் அதற்கு மேலும் இருந்தவருக்கு நான்கு வாரம். நேற்று வந்தவருக்கு ஒரு நாள். பழக்கம் எவ்வளவோ, பிரிவுக்கும் அவ்வளவு அவகாசம். நியாயமான கணக்குத்தான்.

இந்த ஒருநாள் கணக்குக்குள் வந்துபோகிற பையன்களை எங்கள் அலுவலகத்தில் ஆண்டுதோறும் பார்க்கிறேன். தொடக்கக் கல்லூரி இறுதித் தேர்வு முடிந்த கையோடு, அல்லது பலதுறைத் தொழிற்கல்லூரியின் கடைசிப் பருவம் கழிந்ததும், இரண்டு ஆண்டுக் கட்டாயத் தேசிய சேவைக்குப் போகவேண்டிய தேதிவரை அவர்களுக்குச் சில மாதம் கிடைக்கும். வீட்டில் சும்மா கிடக்காதே என்று அம்மா விரட்டுவார். மாமாவோ பக்கத்து வீட்டு அங்கிளோ எங்காவது சொல்லிவைப்பார். பையன் தற்காலிக ஊழியனாக, 'டெம்ப்' ஆக வந்து உட்காருவான். மகப்பேற்று விடுப்பில் போனவரின் நாற்காலி அவனுக்கு. பழைய இன்வாய்ஸ்களை ஸ்கேன் செய்வது, எக்செலில் எண்களை ஏற்றுவது, கூரியர்காரரிடம் கையெழுத்துப் போட்டு வாங்குவது என்று பொழுது போகும். மணிக்கணக்கில் சம்பளம். மத்திய சேம நிதியில் அவன் பெயருக்கு முதன்முதலாகப் பணம் ஏறுவதும் பல வீடுகளில் அப்போதுதான்.

எப்படியும் போய்விடப் போகிறவன் என்பதால் யாரும் அவனிடம் அதிகம் ஒட்டுவதில்லை. பிறந்தநாள் கேக் வெட்டும்போது கூப்பிடுவார்கள். வாட்ஸ்அப் குழுவில் சேர்க்க மாட்டார்கள். பெயர் சொல்லிக் கூப்பிடப் பழகுவதற்குள் அடுத்த டெம்ப் வந்துவிடுவான்.

கடைசி வாரத்தில் மட்டும் நிலைமை தலைகீழாகும். அதுவரை 'இதை நகலெடு' என்பதற்கு மேல் ஒரு சொல் பேசாத மேலாளர், நாற்காலியை இழுத்துப்போட்டு அவன் மேசைக்குப் பக்கத்தில் உட்காருவார்.

"எப்ப தம்பி என்லிஸ்ட்?"

"அடுத்த செவ்வாய்க்கிழமை அண்ணா."

"பெஸ் என்ன வந்துச்சு? தெக்கோங்தானே?"

பெஸ் என்றால் உடற்தகுதித் தரம். தெக்கோங், அடிப்படைப் பயிற்சி முகாம் இருக்கும் தீவு.

அவ்வளவுதான். சேமிப்புக் கிடங்கின் மலாய்க்காரர், விற்பனைப் பிரிவின் சீனர், ஓய்வுபெறும் வயதில் இருக்கும் காவலாளி எல்லாரும் கூடிவிடுவார்கள். பவுடர் நிறைய எடுத்துக்கோ. காலுறை கூடுதலாக வை. ஜிப் போட்ட பிளாஸ்டிக் பை முக்கியம், மழையில் எல்லாம் நனைந்துவிடும். சம்பளத்தாலும் நாற்காலியாலும் பிரிந்து கிடந்த ஆண்கள் பத்து நிமிடத்துக்கு ஒரே படைப்பிரிவாகிவிடுவார்கள். ஓரமாக நின்று பார்க்கும் பெண்ணாகிய எனக்கு இதில் கொஞ்சம் பொறாமை, கொஞ்சம் எரிச்சல். பொறாமைக்குக் காரணம் சொல்லத் தேவையில்லை. எரிச்சல் எதனால் என்றால், அத்தனை பேரும் அந்த இரண்டு ஆண்டை அவ்வளவு எளிதாகச் சொல்லிவிடுவதால். "கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள ஓடிடும்" என்பார் ஒருவர். "ஆம்பளையா திரும்பி வருவ" என்பார் இன்னொருவர். இரண்டையும் சொல்கிறவர்கள் முடித்துவிட்டு வந்தவர்கள். போகப்போகிற பையன் சிரித்துக்கொண்டே தலையாட்டுவான். அவன் கண் கணினித் திரையின் ஓரத்தில் இருக்கும் தேதியில் இருக்கும்.

திருச்சியிலிருந்தும் மதுரையிலிருந்தும் வேலைக்கு வந்து நிரந்தரவாசம் பெற்ற குடும்பங்களில் இந்தப் பவுடர் ஆலோசனை சொல்லக்கூட ஆள் கிடையாது. வேலைத் திறனைக் காட்டி நிரந்தரவாசம் வாங்கிய தந்தைக்குச் சேவை இல்லை. அவர் பிள்ளைக்கு உண்டு. மகன் போகும் இடத்துக்குத் தான் போனதில்லை என்பது அந்த அப்பாக்களை என்னவோ செய்கிறது. அதைத் தனியே எழுத வேண்டும்.

ஒரு நாள் முன்னறிவிப்பில் விட்டுவிடக்கூடிய இடத்திலிருந்து, எத்தனை நாள் முன்னறிவிப்புக் கொடுத்தாலும் விட முடியாத இடத்துக்கு அந்தப் பையன் போகிறான். சேவைக்கு வராமல் இருந்துவிட்டால் படைச் சேர்ப்புச் சட்டத்தின் கீழ் 10,000 வெள்ளி வரை அபராதம், மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். புதிதாகச் சேரும் பயிற்சி வீரருக்கு மாதப் படி 800 வெள்ளிக்கும் கீழே. அதற்குச் சேம நிதிச் சந்தாவும் கிடையாது. ஸ்கேனர் பக்கத்தில் உட்கார்ந்து சம்பாதித்ததைவிடக் குறைவான பணத்துக்கு, அதைவிடப் பல மடங்கு வேலை. இதை யாரும் ஒளித்துச் சொல்வதில்லை. அது சம்பளம் இல்லை, படி என்று அரசே சொல்கிறது.

கட்டாயச் சேவையும் வேலை நியமனச் சட்டமும் பிறந்த காலத்தைப் பார்த்தால் கிட்டத்தட்ட ஒரே வயதுதான். 1965 ஆகஸ்டில் நாடு தனியானபோது கையில் இருந்தவை இரண்டே காலாட்படைப் பிரிவுகள். சம்பளம் கொடுத்துப் பெரிய படை வைக்கப் பணமும் இல்லை, மக்கள்தொகையும் இல்லை என்ற கணக்கில், தற்காப்பு அமைச்சராக இருந்த கோ கெங் சுவீ கட்டாயச் சேவைக்கான சட்டத்திருத்தத்தை நாடாளுமன்றத்துக்குக் கொண்டுவந்தார். 1967 மார்ச்சில் அது நடைமுறைக்கு வந்தது. சில மாதங்களிலேயே, சூயஸுக்குக் கிழக்கே இருக்கும் தன் படைகளைத் திரும்பப் பெறப்போவதாக பிரிட்டனும் அறிவித்துவிட்டது. ஆகஸ்டில் முதல் அணி முகாமுக்குப் போனது. வேலை நியமனச் சட்டம் 1968இல் வந்தது. விலகவே முடியாத கடமையை எழுதிய நாடு, மறு ஆண்டே வேலையிலிருந்து எப்படி விலகுவது என்பதையும் எழுதிவைத்தது.

கட்டாயச் சேவை இந்தத் தீவுக்கு அப்போது முற்றிலும் புதிதும் அல்ல. 1954இல் பிரிட்டிஷ் அரசு தேசிய சேவைக்கு ஒரு சட்டத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. பதினெட்டிலிருந்து இருபது வயது வரையிலான இளைஞர்கள் பதிவுசெய்ய வேண்டும் என்றது. அந்த ஆண்டு மே 13 அன்று சீனப் பள்ளி மாணவர்கள் தெருவில் இறங்கினார்கள். போலீசாருடன் மோதல், கைதுகள். யாருடைய நாட்டுக்காக, யாருடைய துப்பாக்கியைத் தூக்குவது என்பது அவர்கள் கேள்வி. பதின்மூன்று ஆண்டு கழித்து, அதே ஊரில், சுமார் 9,000 இளைஞர்கள் பதிவுக்கு வந்து நின்றார்கள். எதிர்ப்புக் குரல்கள் இல்லாமல் இல்லை. ஆனாலும் சமூக மன்றங்களில் பையன்களுக்கு வழியனுப்பு விழா எடுத்தார்கள். இரண்டு முறையும் கட்டாயம்தான், இரண்டு முறையும் மீறினால் தண்டனைதான். சட்டத்தின் கையில் இல்லாத ஏதோ ஒன்று முதல் முறை வரவில்லை, இரண்டாம் முறை கொஞ்சமாவது வந்தது.

அது என்ன என்பதை இந்த டெம்ப் பையன்களிடம் பார்த்துத்தான் நான் புரிந்துகொண்டேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள்.

அவனுடைய கடைசி வாரத்தை நினைத்துப் பாருங்கள். அவன்மேல் யாருக்கும் எந்தப் பிடியும் இல்லை. பதவி உயர்வு கிடையாது, போனஸ் கிடையாது. திட்டினால் மறுநாளே நின்றுவிடலாம். சட்டமே இடம் கொடுக்கிறது. இரண்டு ஆண்டு கழித்து வெளியே வரும்போது பல்கலைக்கழகம் காத்திருக்கும். இந்த அலுவலகத்தின் வாசலைக்கூட அவன் மிதிக்கப் போவதில்லை. பயமும் இல்லை, ஆசையும் இல்லை. ஒரு மனிதன் அந்த நிலையில் எப்படி வேலை செய்கிறான்?

பலர் செய்வதில்லை. கைபேசியில் விளையாடிக்கொண்டு நேரத்தைக் கடத்துவார்கள். வியாழனும் வெள்ளியும் மருத்துவ விடுப்பு வந்துவிடும். அவர்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வராது. பத்தொன்பது வயதில், முன்னால் அப்படியொரு தேதி நிற்கும்போது, நானாக இருந்தாலும் ஸ்கேனரைக் காதலித்திருக்க மாட்டேன். ஆனால் சில பையன்கள் வேறு மாதிரி. அவர்களில் ஒருவன், யாரும் கேட்காமலே, ஒரு குறிப்பு எழுதி மேசை இழுப்பறையில் வைத்துவிட்டுப் போனான். எந்த அலமாரியில் எந்த ஆண்டுக் கோப்பு, எந்தப் பூட்டில் சாவி சிக்கும், எந்த நிறுவனத்தின் இன்வாய்ஸில் தேதியும் மாதமும் இடம் மாறி வரும் என்று வரிசையாக எழுதியிருந்தான். அடுத்து வரப்போகிறவன் யார் என்று அவனுக்குத் தெரியாது. அவனை ஒருநாளும் பார்க்கப் போவதில்லை. நன்றி என்று ஒரு வார்த்தை அவனைத் தேடி வரவும் வழியில்லை.

அந்தத் தாளை முகாம் வாசலில் அதிகாலை மூன்று மணிக்குக் காவல் நிற்கும் பையனோடு சேர்த்து வைத்துப் பார்க்கிறேன். சட்டம் அவனை அந்த இடத்தில் கொண்டுவந்து நிறுத்தும். தூங்கினால் தண்டிக்கும். ஆனால் வேலிக்கு அப்பால் அசைந்தது நாயா ஆளா என்று ஓர் அடி முன்னால் போய்ப் பார்க்கும் அக்கறையைச் சட்டத்தால் உண்டாக்க முடியாது. அதிகாரி வரும்போது விறைப்பாக நிற்பதையும் போனதும் சுவரில் சாய்வதையும் இங்கே முகாமில் 'வாயாங்' என்பார்கள். வாயாங் பிடிக்க ஆயிரம் விதி போடலாம். விதி கூடக்கூட நடிப்பும் கூர்மையாகும். கட்டாயத்தால் ஒருவனுடைய உடலை எடுக்கலாம், அவனுடைய இரண்டு ஆண்டை எடுக்கலாம், தலைமுடியைக்கூட எடுக்கலாம். அந்தக் கட்டாயம் எதை நம்பி நிற்கிறதோ அதை மட்டும் எடுக்க முடியாது. அவனாகக் கொடுத்தால்தான் உண்டு.

அரசுக்கும் இது தெரியும். சட்டம் வந்து 46 ஆண்டு ஆன பிறகு, 2013இல், தேசிய சேவையை வலுப்படுத்த ஒரு குழு அமைத்துப் பொதுமக்களிடம் கருத்துக் கேட்டார்கள். சட்டம் மட்டும் போதுமென்றால் அந்தக் குழுவுக்கு வேலையே இருந்திருக்காது.

என் தம்பியைத் தெக்கோங்கில் விட்டுவர நானும் போயிருக்கிறேன். சாங்கியிலிருந்து படகு. பெற்றோருக்குப் படுக்கை அறையைக் காட்டுகிறார்கள், உணவுக்கூடத்தில் சாப்பாடு போடுகிறார்கள். அம்மா சாம்பாரைத் தேடியதும், "மா, எல்லாம் இருக்கும்மா" என்று அவன் நெளிந்ததும் தனிக்கதை. எங்கள் முன்னால் கையை உயர்த்தி உறுதிமொழி எடுத்தார்கள். நூற்றுக்கணக்கான குரல் ஒன்றாக வந்தது. அந்தக் குரல்களில் எத்தனை வாயிலிருந்து மட்டும் வந்தன, எத்தனை உள்ளேயிருந்து வந்தன என்று பக்கத்தில் நின்ற எந்த அதிகாரியாலும் சொல்லியிருக்க முடியாது. ஒரு டெம்ப்பின் கடைசி வாரத்தைப் பார்த்தவர்களால் ஓரளவு சொல்ல முடியும் என்று எனக்குத் தோன்றுகிறது. கொடுக்கிறவன் இங்கே ஏற்கெனவே கொடுத்துவிட்டுத்தான் அங்கே போகிறான். 'ராணுவம் அவனைப் பொறுப்பானவனாக்கும்' என்ற பேச்சை நான் அதனால்தான் நம்புவதில்லை. பொறுப்பை அது பயன்படுத்தும், சோதிக்கும், சிலரிடம் வளர்க்கவும் செய்யும். முதல் விதை அதனுடையது அல்ல.

அலுவலகங்களில் இருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். இந்தப் பருவத்தில் உங்களிடமும் ஒரு பையன் விடைபெற வருவான். பவுடர், காலுறை ஆலோசனையெல்லாம் சொல்லுங்கள், தப்பில்லை. அதோடு, அவன் என்ன வேலை செய்தான், எப்படிச் செய்தான் என்று நாலு வரி எழுதி, கையெழுத்துப் போட்டு, அவன் பெயரைப் பிழையில்லாமல் எழுதிக் கொடுத்தனுப்புங்கள். ஒருநாள் முன்னறிவிப்பு போதும் என்று சட்டம் சொன்னாலும், அதை எழுத அந்த ஒருநாளில் நேரம் இருக்கிறது.