கஞ்சியும் தன்சலும்

இலங்கையில் மே மாதம் வழிப்போக்கர் யாரும் பசியோடு போக முடியாது. வெசாக் முழுநிலவை ஒட்டிச் சிங்கள ஊர்களில் தெருவுக்குத் தெரு தன்சல் போடுவார்கள். சோறு, கடலை, பெலிமல் (வில்வப்பூ) பானம், ஐஸ்கிரீம் என்று பஸ்ஸை மறித்துக் கையில் திணிப்பார்கள். வாங்குகிறவர் எந்த இனம் என்று யாரும் கேட்பதில்லை. 'தானசாலை'தான் அங்கே 'தன்சல்' என்று சுருங்கியிருக்கிறது.

அதே மாதம் 12 முதல் 18 வரை வடக்கிலும் கிழக்கிலும் வேறோர் அடுப்பு எரியும். அரிசி, தண்ணீர், உப்பு, அவ்வளவுதான். 2009இல் போரின் கடைசி நாள்களில் முள்ளிவாய்க்கால் மணலில், ஷெல் விழுந்துகொண்டிருக்கையில், சனம் வரிசையில் நின்று வாங்கிய கஞ்சி அது. வரிசையிலேயே செத்துப்போனவர்களும் உண்டு. இப்போது அதைச் சிரட்டையில் வார்த்துக் கொடுக்கிறார்கள். ருசி இருக்காது, இருக்கவும் கூடாது. 'ஏனம்மா சப்பென்று இருக்கு?' என்று பிள்ளை கேட்க வேண்டும், அம்மா சொல்லத் தொடங்க வேண்டும். அதற்காகத்தான் காய்ச்சுகிறார்கள்.

2024 மேயில் திருகோணமலை மாவட்டத்துச் சம்பூரில் இந்தக் கஞ்சியைக் கொடுத்ததற்காகப் பெண்களைப் பொலிஸ் கைது செய்தது. பாய்ந்தது எந்தச் சட்டம் என்பதுதான் வேடிக்கை: குடியியல், அரசியல் உரிமைகளுக்கான சர்வதேச உடன்படிக்கையின் பேரில் 2007இல் இயற்றிய சட்டம். உரிமையைக் காக்க வந்தது கஞ்சிப் பானையைக் காவலில் வைத்தது.

அதே மாதம் 19ஆம் திகதி பத்தரமுல்லையில் போர்வீரர் நினைவுத் தூபியடியில் அரசு வழக்கம்போல் மலர் வைத்தது. சிப்பாய் மகனைப் பறிகொடுத்த தாய் அங்கே அழுதால், அந்த அழுகையோடு எனக்கு வழக்கு எதுவும் இல்லை. அவள் உட்கார நாற்காலி போட்டுக் கொடுக்கும் கை, சம்பூர்த் தாயின் அடுப்பை ஏன் அணைக்கிறது என்பதுதான் கேள்வி. வரி கட்டும்போது இருவரும் ஒரே நாட்டுக்காரர்கள்.

அந்த ஆண்டு வெசாக் 23ஆம் திகதி வந்தது. கொழும்பில் ஒரு தன்சலில், இருபது வயதுகூட இராத பையன் சோற்றுப் பொட்டலத்தை என் கையில் வைத்து, அரைகுறைத் தமிழில், 'சாப்பிடுங்க அண்ணே' என்றான். வாங்கிக்கொண்டேன். நல்ல பையன். சம்பூரைப் பற்றி அவனிடம் சொல்ல எனக்குத்தான் சிங்களம் போதவில்லை.