மாம்பழத் திருடனும் பென்ட்லி காரும்

லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தை 1929-லும் 1930-லும் அடுத்தடுத்து வென்ற பென்ட்லி ஸ்பீட் சிக்ஸ் காருக்கு ‘ஓல்ட் நம்பர் ஒன்’ என்று பெயர். இரண்டு முறையும் ஓட்டியவர் வுல்ஃப் பர்னாட்டோ; முதல் ஆண்டு டிம் பிர்கினும் மறு ஆண்டு கிளென் கிட்ஸ்டனும் அவரோடு மாறி மாறி ஓட்டினார்கள். 1932-இல் 8 லிட்டர் இன்ஜினோடு ப்ரூக்லண்ட்ஸ் பந்தயத்தில் ஓடியபோது கார் தடத்தைவிட்டுப் பாய்ந்து நொறுங்கியது. ஓட்டிய கிளைவ் டன்ஃபி இறந்துபோனார். மிஞ்சியதை வைத்து மறுபடி கார் கட்டினார்கள். அது கை மாறிக் கை மாறி, 1990-இல் ஒரு கோடி பவுண்டுக்கு விலை பேசப்பட்டது. பிறகு வாங்க இசைந்த நிறுவனம் பின்வாங்கியது. வென்ற கார் இதுவல்ல என்பது அதன் வாதம். லண்டன் உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஓட்டன் உறுப்பு உறுப்பாகக் கணக்கெடுத்தார். 1929-ஆம் ஆண்டுக் காரிலிருந்து, காலம் கணிக்க முடியாத சில்லறைச் சாமான்களைத் தவிர எதுவும் மிஞ்சவில்லை. 1930-ஆம் ஆண்டுக் காரிலிருந்து ஒரு பெடல் தண்டு, கியர்பாக்ஸ் கூடு, ஸ்டீயரிங் தண்டு, அவ்வளவுதான். இருந்தும், இதுதான் ஓல்ட் நம்பர் ஒன், பேசியபடி வாங்கித்தான் ஆக வேண்டும் என்று தீர்ப்பானது.

பொருள்களைப் பற்றி நமக்குள்ள சாதாரண நம்பிக்கைக்கு இந்தத் தீர்ப்பு விநோதமாகப் படும். ஆனால் இதே வழக்கு ஈராயிரம் ஆண்டுக்கு முன்பே ஒருவகையில் விசாரிக்கப்பட்டுவிட்டது. மிலிந்த பன்ஹா என்ற பௌத்த நூலில் நாகசேனர் என்னும் துறவி கிரேக்க மன்னனிடம் தேரைக் காட்டிக் கேட்கும் கேள்வியைப் பலரும் அறிவார்கள்: அச்சு தேரா, சக்கரம் தேரா, எல்லாவற்றையும் குவித்து வைத்தால் தேரா? எதுவும் இல்லை, தேர் என்பது அவற்றைச் சார்ந்து எழும் வழக்குச் சொல். இத்தோடு நிறுத்திக்கொள்பவர்கள் பௌத்தம் எல்லாவற்றையும் வெறும் பெயராக்கிவிட்டது என்று முடிவுகட்டுகிறார்கள். அதே நூலில் வரும் மாம்பழத் திருடனை அவர்கள் கவனிப்பதில்லை. பிடிபட்ட திருடன் சொல்கிறான்: தோட்டக்காரன் நட்டது வேறு மாங்கொட்டை, நான் பறித்தது வேறு பழம், அவன் பொருளை நான் தொடவே இல்லை. இந்தச் சாமர்த்தியத்தை மன்னன் ஏற்கவில்லை. பழம் அந்த விதையிலிருந்துதானே வந்தது, ஆகவே தண்டனை உண்டு. 1990-இல் பின்வாங்கிய நிறுவனம் பேசியது திருடனின் தர்க்கம். அவர்களைத் திருடர் என்று சொல்ல வரவில்லை. வாதத்தின் வடிவம் ஒன்று என்கிறேன். மன்னனும் நீதிபதியும் நம்பியது ஒரே அடிப்படையைத்தான்: மாறாத ஒரு துண்டு உள்ளே இருக்க வேண்டியதில்லை, ஒன்றிலிருந்து அடுத்தது அறாமல் பிறந்து வந்தால் போதும்.

‘பிறந்து வருதல்’ இயந்திரத்துக்குப் பொருந்துமா என்று கேட்கலாம். விதை தானே மரமாகிறது; இரும்பு தானே இரும்பை ஈனாதே. பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றின் இன்ஜினை இறக்கிப் பிரித்துக் கட்டும் வேலையைப் பார்த்தால் இந்தத் தடை பாதி விலகும். தேய்ந்த கிராங்க் ஷாப்ட்டைக் கடைந்து சற்று மெலிதாக்குகிறார்கள். அந்தப் புதிய அளவுக்கேற்பத்தான் பேரிங் அமைகிறது. அக்கால இன்ஜின்களில் வெள்ளை உலோகத்தை உருக்கி ஊற்றி, அந்த ஷாப்ட்டுக்குப் பொருந்தும்வரை கடைந்தும் சுரண்டியும் எடுக்க வேண்டும். பேரிங் மூடிகளை பிளாக்கோடு சேர்த்தே துளைத்திருப்பதால் ஒன்றின் இடத்தில் இன்னொன்று உட்காராது. எண் குத்தி வைப்பது அதனால்தான். சிலிண்டர் தேய்ந்து ரீபோர் செய்தால் அந்தத் துளைக்கென்று பெரிய பிஸ்டன் வருகிறது. இப்படி வரும் புதிய உறுப்பு வெறும் வரைபடத்திலிருந்து அளவு பெறுவதில்லை. மிஞ்சியிருக்கும் பழைய உறுப்பின் தேய்மானத்திலிருந்து பெறுகிறது. நாளை அந்தப் பழையதும் கழிவுக்குப் போகலாம். அதன் அளவு அடுத்ததில் தங்கிவிட்டது. மேசைமேல் ஒன்றுகூடக் குறையாமல் பிரித்துக் கிடக்கும்போது இன்ஜின் இல்லை. பாதி மாறியபின் ஓடும்போது இருக்கிறது. நாகசேனரின் தேரைப் பட்டறையில் ஒவ்வொரு முறையும் மெய்ப்பிக்கிறார்கள்.

இங்கே ஒரு பலவீனத்தை மறைக்கக் கூடாது. 8 லிட்டர் இன்ஜின் ஓல்ட் நம்பர் ஒன்னில் ஏறியபோது, தேய்மானத்துக்குத் தேய்மானம் இழைத்து அமைத்த மாற்றம் அல்ல அது. ஒன்றைக் கழற்றி இன்னொன்றை வைத்தது. அங்கே சங்கிலி மெலிகிறது, ஆனால் அறவில்லை என்பேன். பந்தயத்துக்குப் பந்தயம் மாற்றி அமைப்பதே அந்தக் காரின் வாழ்க்கை. புதிய இன்ஜின் வந்தமர்ந்ததும் அந்த ஓட்டத்தின் நடுவில்தான். இதைவிடக் கூர்மையான தடையை 17-ஆம் நூற்றாண்டில் தத்துவவாதி ஹாப்ஸ் எழுப்பினார். பலகை பலகையாக மாற்றிக் காத்துவந்த தீசியஸின் கப்பலில், கழற்றிய பழைய பலகைகளையெல்லாம் ஒருவன் சேர்த்துவைத்து இன்னொரு கப்பல் கட்டினால் எது தீசியஸின் கப்பல்? பழைய காரின் சேசிஸ் ஓரிடத்திலும் இன்ஜின் வேறொரு காரிலும் வாழும் உலகில் இது ஏட்டுக் கேள்வி அல்ல. பழைய பலகைக்காரனிடம் இருப்பது நினைவுச்சின்னம், மதிப்புள்ளதுதான். ஆனால் கப்பலாக ஓடிய வாழ்க்கை அந்தப் பலகைகளில் தொடரவில்லை, இடையில் அவை வெறும் மரமாகக் கிடந்தன. ஓட்டன் இதையும் எடைபோட்டார்: அந்தப் பெயருக்கு நியாயமாக உரிமை கோரக்கூடிய வேறெந்த பென்ட்லியும் இல்லை என்பது அவர் கண்ட முடிவு.

கடைசித் தடை சைவ சித்தாந்திகளுடையது. எனக்கு மிகவும் கனமாகத் தெரிவதும் அதுவே. அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரின் பரபக்கத்தில், அதாவது பிற சமயங்களை மறுக்கும் பகுதியில், பௌத்தரோடு வாதிடுகிறார். கணந்தோறும் எல்லாம் அழியுமென்றால் வினை செய்தவன் ஒருவன், பயன் துய்ப்பவன் இன்னொருவன் ஆகிவிடும் என்பது சித்தாந்தி காட்டும் குறை. காருக்கு இதைத் திருப்பினால், அறாத தொடர்ச்சி என்று நான் சொல்வதைக் காத்தது இரும்பு அல்ல. அளந்தவன், பொருத்தியவன், ஏட்டில் பதிந்தவன். அறிவுடைய ஒருவன் வெளியே நின்றதால்தான் அறிவில்லாத சடம் ஒன்றாக நின்றது. கார் அளவில் இதை முழுக்க ஒப்புகிறேன். ஆனால் அந்தக் காப்பாளனும் ஒருவன் அல்லவே. 60 ஆண்டுகளில் பலர் வந்து போனார்கள். எந்த ஒருவரும் தொடக்கம் முதல் நிற்காமலே தொடர்ச்சி நின்றது. ஆகவே நித்தியமான ஓர் உயிர் இல்லை என்று கார் நிரூபித்துவிடாது. வினைப்பயன் சேர அப்படியொன்று கட்டாயம் வேண்டும் என்ற வாதத்தை மட்டும் அது தளர்த்துகிறது. கைமாற்றம் அறுந்தால் என் வழக்கும் போயிற்று. 1932 விபத்துக்குப்பின் சிதைந்த கார் பழைய இரும்புக்காரர்களிடம் துண்டு துண்டாகப் பிரிந்து, 58 ஆண்டு கழித்து யாரோ எண்களைப் பார்த்துப் பொறுக்கிச் சேர்த்துக் கொண்டுவந்திருந்தால், நான் வாங்க மறுத்தவர்கள் பக்கம்தான் நின்றிருப்பேன், அதில் 1930-இன் உறுப்புகள் இதைவிட அதிகமாகவே இருந்தாலும்.