ஜெயிக்கிற கேஸ்

எல்லாக் குற்றத்துக்கும் கேஸ் போட எந்த அரசு வழக்கறிஞராலும் முடியாது. எதை எடுப்பது, எதை விடுவது?

1940 ஏப்ரலில் அமெரிக்க அட்டர்னி ஜெனரல் ராபர்ட் ஜாக்சன் தன் கீழிருந்த மத்திய அரசு வழக்கறிஞர்களைக் கூட்டிப் பேசினார். அப்பட்டமான குற்றம், சமூகத்துக்குப் பெரிய கேடு, உறுதியான சாட்சியம், இந்த மூன்றும் உள்ளதை எடுங்கள் என்றார். ஆளை முதலில் குறிவைத்துவிட்டுக் குற்றத்தைத் தேடாதீர்கள் என்றும் எச்சரித்தார். நல்ல பேச்சுதான். ஆனால் மூணாவது அளவுகோல் உறுத்துகிறது. சாட்சியம் உறுதியா இல்லையா என்று யார் தீர்மானிப்பது? ஜூரி. ஜூரியில் உட்காருவது யாரு?

மிசிசிப்பியில் 1964 ஜூனில், கறுப்பர்களின் ஓட்டுரிமைக்காக வேலை செய்த சேனி, குட்மன், ஷ்வெர்னர் மூவரும் கொல்லப்பட்டார்கள். மாநிலம் கொலை வழக்கே போடவில்லை. போடுவாங்களா? சதியில் துணை ஷெரீபே இருந்தான். மத்திய நீதித்துறையின் ஜான் டோர், 1870ஆம் வருஷத்துச் சட்டத்தைத் தூசி தட்டி எடுத்தார்: உரிமையைப் பறிக்கச் சதி. 1965இல் நீதிபதி பெரும்பாலான குற்றச்சாட்டைத் தள்ளினார். 1966இல் உச்சநீதிமன்றம் மீட்டுக் கொடுத்தது. 1967இல், வெள்ளையர் மட்டுமே இருந்த ஜூரி, ஏழு பேரைக் குற்றவாளி என்றது. மூணு வருஷத்திலிருந்து பத்து வருஷம்வரை தண்டனை. மூணு உசுருக்கு இவ்வளவுதானா? அந்தச் சட்டத்தில் உச்சபட்சமே பத்துதான்.

ஜெயிக்கிற கேஸைத்தான் எடுப்பேன் என்றிருந்தால் டோர் அந்த ஊருக்கே போயிருக்க மாட்டார். அப்படிச் சொல்கிற வழக்கறிஞர், ஜூரியின் வெறுப்பையே தன் சட்டமாக்கிக்கொள்கிறார்.

சதியில் முக்கியமானவன் எட்கர் ரே கில்லன் என்கிற பாதிரி. ஜூரி ஒத்துப்போகாமல் அன்றைக்குத் தப்பினான். மாநிலம் அவனைத் தண்டித்தது 2005இல். அப்போ அவனுக்கு வயசு 80.