நூல்களைக் காப்போரைக் காப்பவர் யார்?

1850ஆம் ஆண்டிலே கார்ல் மார்க்ஸ் இலண்டனிலுள்ள பிரித்தானிய நூதனசாலையின் வாசிப்பு மண்டபத்துக்கு அனுமதிச் சீட்டுப் பெற்றார். அதன்பின் பல்லாண்டுகள் அதுவே அவரது தொழிற்களமாயிற்று. 1867இல் வெளிவந்த 'மூலதனம்' முதற் பாகத்துக்கு அரசாங்க அறிக்கைகளும் தொழிற்சாலைப் பரிசோதகர்களின் குறிப்புக்களும் எவ்வளவு துணைபுரிந்தன என்பதை அந்நூலைப் படித்தோர் அறிவர். மார்க்ஸ் அமர்ந்த ஆசனம் எதுவென்று கேட்டறிய விரும்புவோர் பலர். ஆயின், அவர் கேட்ட ஏடுகளை அடுக்குகளிலிருந்து எடுத்துச் சுமந்துவந்து அவருடைய மேசைமீது வைத்த ஊழியர்கள் யாவர் என்று எவரும் கேட்பதில்லை. உழைப்பைப் பற்றிய அம்மகத்தான ஆராய்ச்சிக்குப் பின்னாலும் எண்ணப்படாத ஓர் உழைப்பு இருந்தது.

இவ்வாறு எண்ணப்படாதிருப்பவர்களைப் பற்றியே நாம் இங்கு சிந்திக்கப் புகுகின்றோம். நூல்நிலையங்களிலே பயிற்சியும் அனுபவமும் பெற்ற ஊழியர்கள் ஏன் நிலைத்திருப்பதில்லை? அவர்கள் விலகிச் செல்லும்போது நாம் வழக்கமாகக் கூறும் விடை ஒன்றுண்டு. “இக்காலத்தவரிடம் சேவை மனப்பான்மை இல்லை” என்பதே அது. சொல்வதற்கு எளிதான விடை. கேட்பதற்கும் இனிய விடை. ஏனெனில் அது குற்றம் முழுவதையும் சென்றவர்மீது சுமத்திவிட்டு, இருப்பவர்களையும் ஆள்பவர்களையும் விசாரணையினின்றும் விடுவித்துவிடுகின்றது. இவ்விடை உண்மைதானா என்பதை ஒரு மனிதரின் வாழ்க்கையைக் கொண்டே சோதித்துப் பார்க்கலாம்.

எஸ். ஆர். இரங்கநாதன் 1892இல் சீர்காழியிற் பிறந்தவர். சென்னையிலே கணித ஆசிரியராகத் தொழில்புரிந்தவர். சென்னைப் பல்கலைக்கழகம் 1923இல் நூலகர் பதவியொன்றை உண்டாக்கியபோது ஏறத்தாழ 900 பேர் விண்ணப்பித்தனர். அவர்களுள் நூலகக் கலையிற் பயிற்சி பெற்றவர் எவருமிலர். இரங்கநாதனுக்கும் அத்துறை பற்றித் தெரிந்ததெல்லாம், நேர்முகப் பரீட்சைக்குச் சில நாட்களின் முன் கலைக்களஞ்சியம் ஒன்றிற் படித்த கட்டுரையளவே. 1924 சனவரியில் அவர் பதவியேற்றார். சில வாரங்கள் செல்வதற்குள் அத்தனிமையையும் வெறுமையையும் தாங்கமாட்டாது, தம்மைத் திரும்பவும் கணித வகுப்புக்கே அனுப்பிவிடுமாறு மன்றாடினார். இந்திய நூலகவியலின் தந்தை என்று பின்னர் உலகம் போற்றிய மனிதர், தமது பணியினின்றும் முதலிலே தப்பியோடவே விரும்பினார்!

அன்று அவரிடம் சேவை மனப்பான்மை இருக்கவில்லை என்று கூறலாமா? மாணவர் மத்தியில் நின்று கற்பித்தவர் அவர். எவரும் வந்து தொடாத நூல்களுக்கு நடுவே தனியே உட்கார வைக்கப்பட்டபோது அவர் மனம் வாடியது. குறை மனிதரிடத்தில் இல்லை. அவருக்குக் கொடுக்கப்பட்ட வேலையின் அமைப்பிலே இருந்தது.

அதிகாரிகள் அப்போது செய்த காரியம் நம் கவனத்துக்குரியது. அவர்கள் அவரைக் கண்டிக்கவில்லை. கடமையைப் பற்றி உபதேசிக்கவுமில்லை. இலண்டன் சென்று நூலகக் கலையைக் கற்று வருமாறும், திரும்பிவந்த பின்னும் அத்தொழில் பிடிக்காவிடின் ஆசிரியப் பதவியை மீண்டும் ஏற்றுக்கொள்ளலாம் என்றும் ஓர் ஒழுங்கு செய்தனர். இலண்டனிலே பேர்விக் சேயர்ஸ் என்னும் அறிஞரிடம் அவர் கற்றார். பல நூல்நிலையங்களை நேரிற் சென்று பார்த்தார். நூல்நிலையம் என்பது பூட்டிய பேழையன்று, ஒரு சமுதாயம் முழுவதற்கும் உரிய உயிருள்ள நிறுவனம் என்பதை அங்கே கண்டார். கடையொன்றிலே துண்டுகளைப் பலவாறு பூட்டிப் பல உருவங்கள் அமைக்கும் விளையாட்டுப் பொருளைக் கண்டபோது, நூல்களைப் பாகுபாடு செய்யும் புதிய முறையொன்று அவர் உள்ளத்தில் உதித்தது. 1933இல் வெளிவந்த கோலன் பகுப்பு முறையின் வித்து அதுவே. 1925இல் சென்னைக்கு மீண்ட அவர், பின்னர் கணித வகுப்பைக் கேட்கவேயில்லை. இருபது ஆண்டுகள் அந்நூல்நிலையமே அவரது வாழ்வாயிற்று.

அவரை நிலைக்கச் செய்தவை எவை? முதலாவது, கற்கும் வாய்ப்பு. இரண்டாவது, தாம் செய்யும் வேலை யாருக்குப் பயன்படுகின்றது என்பதைக் கண்ணாற் காணும் வாய்ப்பு. மூன்றாவது, தமது சொந்த அறிவைக் கொண்டு புதிதாக ஒன்றை ஆக்கும் உரிமை. இவற்றுக்கெல்லாம் அடிப்படையாக நான்காவது ஒன்றும் இருந்தது. போக விரும்பினாற் போகலாம் என்ற சுதந்திரம் அது. கதவு திறந்திருந்தது, ஆகவே அவர் தங்கியது அவரது சொந்தத் தீர்மானமாயிற்று. பூட்டிய அறைக்குள் இருப்பவனை 'நிலைத்திருக்கின்றான்' என்று சொல்வதில்லை. 'அடைபட்டிருக்கின்றான்' என்றே சொல்கின்றோம்.

இவ்வரலாற்றின் மறுபாதி அத்துணை இனிமையானதன்று. ஓய்வுபெறும்வரை அப்பதவியிலேயே இருக்க எண்ணியிருந்த இரங்கநாதன், புதிதாக வந்த துணைவேந்தருடன் ஏற்பட்ட பிணக்குகள் தாங்கமுடியாதவையாகியபோது, பதவியை விட்டு விலகினார். மனச்சோர்வுற்றிருந்து, பின் 1945இல் காசி இந்துப் பல்கலைக்கழகத்துக்குச் சென்றார். அதே நூல்நிலையம், அதே மனிதர், அவர் தம் கைகளாலேயே வளர்த்த அதே அடுக்குகள். மாறியது ஒன்றே. மேலிருப்பவருக்கும் பணிபுரிபவருக்கும் இடையிலிருந்த உறவு மாறிற்று. இருபது ஆண்டு அன்பினாலும் அதனை ஈடுசெய்ய முடியவில்லை. தொழிலிடத்துப் பண்பாடு என்று இன்று பேசப்படுவது இவ்வுறவையே. ஆண்டிறுதித் தேநீர் விருந்தோ சுவரிலே தொங்கும் பொன்மொழியோ அதுவன்று. தீர்மானங்களை யார் எடுக்கின்றனர்? கீழிருப்பவனின் சொல் காதில் ஏறுகின்றதா? தவறு நேர்ந்தால் காரணம் தேடப்படுகின்றதா, குற்றவாளி தேடப்படுகின்றானா? நூல் சுமக்கும் சிற்றூழியனை மேலதிகாரி எவ்வாறு விளிக்கின்றார்? இக்கேள்விகளுக்குக் கிடைக்கும் விடைகளே ஒரு தொழிலிடத்தின் பண்பாடு.

இனிச் 'சேவை' என்னும் சொல்லை நோக்குவோம். ஆசிரியர்களுக்கும் தாதியர்களுக்கும் போலவே நூல்நிலைய ஊழியர்களுக்கும் இச்சொல் அடிக்கடி பரிசாக வழங்கப்படுகின்றது. அமெரிக்க நூலகர் பொபாசி எட்டார் 2018இல் எழுதிய கட்டுரையொன்றில் இதன் உள்ளியல்பை வெளிப்படுத்தினார். நூல்நிலையத்தைப் புனிதமான கோவிலாகவும் அங்குள்ள வேலையை இயல்பாகவே மேன்மையான ஊழியமாகவும் கொள்ளும் மனநிலை, அந்நிறுவனத்தை விமர்சனத்துக்கு அப்பாற்பட்டதாக்கிவிடுகின்றது என்பது அவரது வாதம். புனிதப் பணி செய்பவன் சம்பளம் கேட்கலாமா? நேரம் பார்க்கலாமா? களைத்துப்போனேன் என்று சொல்லலாமா? கேட்டால் அவனது பக்தியிலே குறை காணப்படும். இவ்வாறு வேலை பெருகும், ஊதியம் நிற்கும், உள்ளம் எரிந்து கருகும். சேவையென்னும் பூமாலை சில வேளைகளில் கழுத்திலிடும் கயிறாகவும் மாறிவிடுகின்றது.

இங்கே நேர்மையான ஆட்சேபம் ஒன்று எழக்கூடும். “எல்லாத் தொழிலும் ஒன்றாகுமா? நூல்நிலையக் கதவு மூடப்பட்டால் வீட்டிலே ஒரு நூலுமில்லாத ஏழை மாணவன் அல்லவா வாடுவான்? அவனுக்காகச் சிறிது தியாகம் செய்யக்கூடாதா?” என்று சிலர் கேட்கலாம். இவ்வாட்சேபத்தை நாம் அலட்சியம் செய்தல் ஆகாது. அம்மாணவனின் துன்பம் உண்மை. பரீட்சைக்கு முந்திய மாலையிலே, நேரம் கடந்த பின்னும் விளக்கை அணைக்காமல் அவனுக்காகக் காத்திருக்கும் ஊழியரின் பெருந்தன்மையும் உண்மை. மனித உறவுகளிலே விலைபேச முடியாத அன்பு உண்டு என்பதை மறுப்பவன் சமதர்மத்தையும் விளங்கிக்கொள்ளாதவனே.

ஆனால், அன்பைக் கொடுப்பதற்கும் அதனை வசூலிப்பதற்கும் இடையே பெரும் பேதமுண்டு. ஊழியர் தாமாகவே ஒருமணி நேரம் காத்திருந்தால் அது கொடை. அந்த ஒருமணி நேரத்தை எதிர்பார்த்தே ஆளணியைக் குறைத்து வரவுசெலவுத் திட்டம் வகுப்பின், அது களவு. கொடையைக் கணக்கிலே வரவாக எழுதத் தொடங்கிய கணத்திலேயே அதன் அறம் மறைந்துவிடுகின்றது. அன்றியும், களைத்துச் சலித்த ஊழியரிடம் அந்த ஏழை மாணவனுக்குக் கிடைப்பது என்ன? “அந்த நூல் இல்லை” என்ற ஒரு வார்த்தையே. ஆகவே வாசகனின் நலனும் ஊழியரின் நலனும் ஒன்றுக்கொன்று பகையானவை அல்ல. அவற்றை எதிரெதிரே நிறுத்திப் பேசுவோர் இருவருக்கும் பொறுப்பான மூன்றாமவனை மறைக்கின்றனர். நிதியை ஒதுக்குபவனும் ஆட்களை நியமிப்பவனும் அந்த மூன்றாமவனே.

அங்ஙனமாயின் விலகிச் செல்வது துரோகமா? பொருளியலறிஞர் அல்பேர்ட் ஹேர்ஷ்மன் 1970இல் வெளியிட்ட நூலில், சீர்கெடும் நிறுவனம் ஒன்றின் முன் மனிதனுக்கு இரு வழிகள் உண்டு என்று காட்டினார். ஒன்று வெளியேறுதல், மற்றையது குரலெழுப்புதல். விசுவாசம் என்பது வெளியேறுதலைச் சிறிது தாமதிக்கச் செய்து, குரலுக்கு வாய்ப்பளிக்கின்றது. இதிலிருந்து நாம் பெறக்கூடிய முடிபு தெளிவானது. குரலுக்கு இடமில்லாத இடத்திலே விசுவாசத்தைக் கோருதல் நியாயமன்று. பேசத் தடை, போவதும் பாவம் என்றால், எஞ்சுவது அடிமைத்தனமே.

நமது நாட்டின் அண்மைக்கால அனுபவமும் இதனை உணர்த்தும. 2022இன் பொருளாதார நெருக்கடியின்போது, அரசாங்க ஊழியர்கள் ஐந்தாண்டுகள்வரை சம்பளமற்ற விடுமுறை பெற்று வெளிநாடு செல்ல அரசே வழிவகுத்தது. சம்பளச் சுமை குறையவேண்டும், வெளிநாட்டுப் பணம் வரவேண்டும் என்பதே அதன் நோக்கம். நேற்றுவரை 'சேவை' என்று போற்றப்பட்ட உழைப்பு, ஒரே சுற்றறிக்கையிலே 'சுமை' ஆயிற்று. சுமையென்று கருதி வழியனுப்பிய பின், சென்றவனைத் தேசப்பற்றற்றவன் என்று ஏசுவதற்கு எவருக்கு உரிமையுண்டு?

இன்னுமொரு கூட்டத்தாரையும் நாம் மறத்தலாகாது. வெளியேறாமலே வெளியேறியவர்கள் அவர்கள். கடன்சுமையாலோ ஓய்வூதியத்தை எண்ணியோ கதிரையில் இருப்பார்கள். ஆனால் மனம் என்றோ போய்விட்டது. புள்ளிவிபரத்திலே இவர்கள் 'நிலைத்திருப்போர்'. தொகையை எண்ணி மகிழும் நிருவாகம் இவர்களைக் கண்டுகொள்வதில்லை. ஊழியரைத் தக்கவைத்தல் என்பது உடல்களை எண்ணும் காரியமன்று என்பதற்கு இதனிலும் சான்று வேண்டுமா?

யாழ்ப்பாணப் பொதுநூல்நிலையம் அமைக்கப்பட்டபோது இரங்கநாதனின் ஆலோசனை அதற்குக் கிடைத்தது. 1959இல் திறந்துவைக்கப்பட்ட அந்த நூல்நிலையம் 1981ஆம் ஆண்டு யூன் மாதத் தொடக்கத்திலே எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பராயின. அக்கொடுமைக்கு நிகராக வேறெதனையும் கூறுதல் பொருந்தாது. ஆயினும் அத்துயரத்தை நெஞ்சிலே சுமக்கும் நாம், தீயின்றியே அழியும் செல்வத்தையும் காணக் கற்றுக்கொள்ளுதல் வேண்டும். நீண்டகாலம் ஓரிடத்திற் பணிபுரிந்த நூலகரின் நினைவிலே எழுதப்படாத பட்டியலொன்று இருக்கின்றது. எந்தப் பழைய சஞ்சிகைக் கட்டை எவர் வீட்டிலிருந்து வந்தது. எந்தத் தொகுதியிலே எந்த இதழ் குறைகின்றது. பெயர் தெரியாமல் “அந்த நீல அட்டைப் புத்தகம்” என்று கேட்கும் சிறுமிக்கு எதை எடுத்துக் கொடுக்கவேண்டும் என்பனவெல்லாம் அதில் அடங்கும். அவர் மனம் நொந்து விலகும் நாளில் அப்பட்டியலும் அவருடன் படியிறங்கிப் போய்விடுகின்றது. புகை எழுவதில்லை, எவரும் ஓடிவருவதுமில்லை.

இரங்கநாதன் 1931இல் வெளியிட்ட நூலகவியல் விதிகள் ஐந்தும் நம்மிற் பலர் அறிந்தவை. 'நூல்கள் பயன்பாட்டுக்குரியவை' என்னும் முதல் விதியை விளக்கும்போது, நூல்நிலையம் அமையும் இடம், திறந்திருக்கும் நேரம், தளபாடம் ஆகியவற்றோடு ஊழியரைப் பற்றியும் அவர் விரிவாக ஆராய்ந்தார். அதன் பொருள் ஆழமானது. ஊழியர் என்பவர் நூல்நிலையத்துக்கு வெளியேயிருந்து வந்து உதவுபவர் அல்லர். நூல் பயன்படுதல் என்னும் செயலே அவரிடத்தில்தான் நிகழ்கின்றது. 'நூல்நிலையம் வளரும் உயிரி' என்பது ஐந்தாவது விதி. உயிரி வளரும்போது அதன் ஒவ்வோர் அணுவும் ஊட்டம் பெறவேண்டும். சில அணுக்களைத் தின்று மற்றவை பெருக்குமாயின் அதற்குப் பெயர் வளர்ச்சியன்று, நோய்.

ஆசிரியர்களே, மாணவர்களே! நாமெல்லாம் இந்த ஊழியர்களின் உழைப்பை உண்டு வளர்ந்தவர்கள். நூல்நிலையத்துக்கு நூல்கள் போதவில்லை என்று குரலெழுப்ப நாம் தயங்குவதில்லை. அங்கே தற்காலிக நியமனத்திலே ஆண்டுகள் கழிப்பவர் எத்தனை பேர், பயிற்சிக்கு அனுப்பப்பட்டவர் எத்தனை பேர், கடைசியாக விலகியவர் ஏன் விலகினார் என்று நாம் கேட்டதுண்டா? உள்ளூராட்சி மன்றங்களிலும் கல்விக் கழகக் குழுக்களிலும் இக்கேள்விகளை எழுப்புதல் நமது கடமை. அதற்கு முன், நாளை இரவல் பகுதியிலே நூலை நீட்டும் கைக்குரியவரின் பெயரையாவது கேட்டறிவோம். அவருக்கு நாம் செலுத்தவேண்டியது வணக்கமன்று, நியாயம்.