வெட்டப்பட்ட வேதம்

அடிமைக்குப் பொறுமையைப் போதித்து எஜமானனைக் காத்ததுதான் மதம் என்பார்கள். அதில் உண்மை உண்டு. முழு உண்மை இல்லை. கரீபியன் அடிமைகளுக்கென்று 1807-இல் லண்டனில் அச்சான பைபிளில், இஸ்ரவேலர் எகிப்தைவிட்டு வெளியேறும் கதையையே நீக்கியிருந்தார்கள். ஆபத்தில்லாத நூலை யாரும் இப்படி வெட்டுவதில்லை. ஜமைக்காவில் பாப்டிஸ்ட் சபையின் டீக்கனாக இருந்த சாமுவேல் ஷார்ப் என்ற அடிமை, ஒரு மனிதன் இன்னொருவனுக்கு உடைமையாக முடியாது என்று பைபிளைக் கொண்டே வாதிட்டார். 1831 கிறிஸ்துமஸுக்குப் பின் கூலியில்லாமல் உழைப்பதில்லை என்று ஜெபக்கூட்டங்களில் சத்தியம் வாங்கினார். வேலைநிறுத்தமாகத் திட்டமிட்டது, கரும்புத் தோட்டங்கள் எரியும் கிளர்ச்சியாகிவிட்டது.

அன்பின் மதத்தைச் சொல்லித் தீ வைக்கலாமா? நியாயமான கேள்விதான். அதே ஆண்டு அமெரிக்காவின் வர்ஜீனியாவில் அடிமைக் கிளர்ச்சியை நடத்திய நாட் டர்னரின் ஆட்கள் குழந்தைகளையும் கொன்றார்கள். அதை எந்த நம்பிக்கையாலும் நியாயப்படுத்த முடியாது. ஆனால் ஜமைக்காவில் இறந்த வெள்ளையர் சுமார் 14 பேர். அதற்குப் பழியாக ஷார்ப் உட்பட 300-க்கும் மேற்பட்டோருக்கு மரணதண்டனை நிறைவேற்றப்பட்டது. தண்டித்தவர்களும் தங்களைக் கிறிஸ்தவர்கள் என்றே சொல்லிக்கொண்டார்கள். அவர்களை ஆதரித்த வெள்ளையர் கும்பல்கள் அடுத்து இடித்ததும் எரித்ததும் அடிமைகள் கூடி ஜெபித்த ஆலயங்களைத்தான்.